இஞ்சியார் மெத்தையும் சீர்காழி சம்பந்தமும்

குடகு மலையில் தொடங்கிப் பூம்புகார் வரைக்கும் காவிரி போகிற வழியெல்லாம் சல்லடை போட்டுத் தேடினாலும் இஞ்சியாரைப் போல இன்னொரு மனிதர் கிடைக்க மாட்டார். இருந்திருந்தால் அந்த ஊரிலும் நாலு பேர் தாங்கள் குடியிருக்கிற வீட்டுக்குள்ளேயே திருடன் மாதிரி நடந்திருப்பார்கள். சேதி எப்படியும் என் காதுக்கு வந்திருக்கும்.

தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில், மாடி போர்ஷனில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். நான் இன்ஷூரன்ஸ் கம்பெனி. ஜமால் கூத்தாநல்லூர்க்காரன், ஒரு ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் நைட் டியூட்டி, பகலெல்லாம் போர்வைக்குள். மூன்றாமவர்தான் இஞ்சியார். கதிர் அறுக்கிற மெஷினுக்கு ரிப்பேர் பார்க்கிறவர். அறுவடை சமயத்தில் அவரைக் கண்ணில் பார்க்க முடியாது. மற்ற நாளில் அவரிடமிருந்து தப்ப முடியாது.

பேர் வைத்தது ஜமால். வெறுமனே 'இஞ்சி' என்றால் மரியாதையாக இல்லை, எங்களைவிட மூத்தவர், அதனால் ஒரு 'யார்' சேர்த்தான். சொந்தப் பெயர் கீழ் வீட்டு ஓனர் அம்மாவுக்கு மட்டும் தெரியும். அவரும் மறந்துவிட்டு, "மாடில இஞ்சி தம்பி இருக்காப்லயா?" என்றுதான் கேட்பார்.

உலகத்தில் எல்லாக் கஷ்டமும் வயிற்றிலிருந்து வருகிறது, வயிற்றின் எல்லாக் கஷ்டமும் இஞ்சிப்பாகு இல்லாததால் வருகிறது என்பது இஞ்சியார் கட்சி. ஆபீஸில் எனக்கு மெமோ கொடுத்துவிட்டார்கள் என்று ஒருநாள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன்.

"மத்தியானம் என்ன தம்பி சாப்ட்ட?" என்றார்.

"அண்ணே, மெமோ குடுத்துட்டாங்கன்னு சொல்றேன்!"

"அதான் கேக்குறேன். என்ன சாப்ட்ட?"

பரோட்டா என்றேன். "பாத்தியா!" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய் ஒரு ஸ்பூன் பாகைத் தண்ணீரில் கலந்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, கையில் கொடுத்துவிட்டார். குடித்தேன். மெமோ அப்படியேதான் இருந்தது. ஆனால் ஏப்பம் வந்தது என்பதை நான் மறுக்க முடியாது.

எங்கே போனாலும் பையில் ஒரு பாட்டில் இருக்கும். ஆப்பத்தின் மேல் ஊற்றுவார், பாயசத்தில் ஊற்றுவார், ஐஸ்கிரீமில் ஊற்றுவார். ஒருமுறை திருவையாற்றில் ஒரு மிட்டாய்க் கடையில் அசோகா அல்வா வாங்கித் தந்தார். இலையில் நெய் வழிய அசோகா வந்தது. இஞ்சியார் பையைத் திறந்து, பாட்டிலை எடுத்து, அதன் தலையில் பாகை விட்டார். கல்லாவில் இருந்த முதலாளி அப்படியே எழுந்து வந்துவிட்டார்.

"யோவ், என் அசோகால என்னய்யா குறையக் கண்ட?"

"குறையே இல்லைங்க. அதான் பயமா இருக்கு. இவ்ளோ நெய்யி உள்ள போனா தாங்கணும்ல? கூட ஒரு துணைக்கு அனுப்பி வைக்கிறேன்."

அந்தக் கடைக்கு நான் அப்புறம் தனியாகக்கூடப் போனதில்லை. முதலாளிக்கு என் முகம் நன்றாக ஞாபகம் இருக்கும்.

சரி, இஞ்சிப்பாகு செய்வதில் அப்படி என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இஞ்சியைத் தோல் சீவி, மிக்ஸியில் அரைத்து, துணியில் பிழிந்து, சாற்றை நாட்டுச் சர்க்கரைப் பாகில் விட்டுக் கொதிக்கவைத்து, ஆறினதும் பாட்டிலில் ஊற்றினால் ஆயிற்று. இதையே நான் ஒருநாள் சொல்லிவிட்டேன். இஞ்சியார் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது.

"வண்டல் என்ன ஆச்சு?" என்றார்.

இஞ்சிச் சாற்றைக் கொஞ்ச நேரம் ஆடாமல் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளையாக மாவு மாதிரி ஒன்று படியும். அது வயிற்றுக்கு ஆகாது என்று நம் வீடுகளில் மேலாக இறுத்துக்கொண்டு அடியைக் கொட்டிவிடுவது வழக்கம். மற்றவர்கள் பிழிந்து வைத்துவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டு வந்து இறுப்பார்கள். இஞ்சியாருக்கு அரை நாள் வேண்டும். எங்கள் வீடோ மரம் போட்ட பழைய தளம். ஒருவர் நடந்தால் இன்னொருவர் டம்ளர் ஆடும். பகலெல்லாம் மெஷினோடு சேர்ந்து உடம்பு குலுங்குகிற மனுஷருக்கு, வீட்டில் ஒரு பாத்திரம் குலுங்கினால் உயிர் போய்விடும்.

அதனால் சாற்றுப் பாத்திரத்தைத் தன் மெத்தைமேல் வைப்பார். அவரிடம் இருந்த ஒரே மெத்தை அதுதான். கட்டிலில் பாத்திரம் நடுநாயகமாகப் படுத்திருக்கும், இவர் கீழே பாயை விரித்துப் படுப்பார். நாங்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, நுனிக்காலில் மாடி ஏறி, மூச்சை அடக்கிக்கொண்டு பாத்ரூம் போய்வர வேண்டும். பேசினால் ரகசியக் குரலில்தான் பேச வேண்டும். இருமல் வந்தால் மொட்டை மாடி.

கீழ் வீட்டு அம்மாவுக்கு இதில் ஏக சந்தோஷம். "மூணு ஆம்பளப் புள்ளைங்க மேல இருக்குன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டேங்குறாங்க. தங்கமான புள்ளைங்க," என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தார். எங்கள் நல்ல பெயர் முழுக்க முழுக்க இஞ்சி வண்டலால் வந்தது.

இப்படிப்பட்டவருக்குப் பெண் கிடைக்குமா? வலங்கைமானில் இருந்த அவருடைய அக்கா தேடோ தேடென்று தேடினார். வருகிற இடமெல்லாம் இவர் வாயைத் திறந்ததும் தட்டிப் போகும். ஒரு வீட்டில் பெண்ணின் அப்பாவிடம், "உங்களுக்கு மலச்சிக்கல் இருக்குங்களா?" என்று அக்கறையாக விசாரித்தாராம். கடைசியில் சீர்காழியில் ஒரு இடம் வந்தது. அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "டேய் தம்பி, இதுதான் கடைசி. இதுவும் போச்சுன்னா நீயாச்சு, உன் இஞ்சியாச்சு. நான் இனிமே ஒரு வீட்டு வாசப்படி ஏற மாட்டேன்."

பெண் பார்க்க நானும் கூடப் போயிருந்தேன். பெண்ணின் பெயர் மலர்விழி. சொந்தமாகத் தையல் கடை வைத்திருந்தார். கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் வந்தன. அக்காவின் உத்தரவுப்படி இஞ்சியார் அன்றைக்குப் பாட்டில் கொண்டுவரவில்லை. துணையில்லாமல் இரண்டு பஜ்ஜி உள்ளே போய்விட்டது. மனுஷர் நெஞ்சைத் தடவுகிறார், நிமிர்ந்து உட்காருகிறார், சிரிக்கப் பார்க்கிறார், முடியவில்லை. அக்கா கண்ணாலேயே சுட்டுக்கொண்டிருக்கிறார்.

அப்போது மலர்விழி காபித் தட்டோடு வந்தார். எல்லோருக்கும் காபி கொடுத்தார். இஞ்சியார் பக்கம் வந்தபோது மட்டும் டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு துண்டு இஞ்சி மரப்பா இருந்தது. பஸ் ஸ்டாண்டில் கூவி விற்பார்களே, அந்த மரப்பாதான். ஆனால் வீட்டில் செய்தது. யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. அந்தப் பெண்ணே பார்த்துப் புரிந்துகொண்டு வைத்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் இஞ்சியார் கைக்குட்டையைப் பிரித்தார். மரப்பா அப்படியே இருந்தது.

"அண்ணே, சாப்பிடலையா?"

"எப்படித் தம்பி சாப்பிடுறது? பதத்தைப் பாரேன். ஒரு இடத்துல பூக்கல, ஒரு இடத்துல கருகல." கைக்குட்டையை மறுபடி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இந்த இடம் முடியலன்னா எனக்குக் கல்யாணமே வேணாம் தம்பி," என்றார். கண் கலங்கியிருந்தது. பஜ்ஜியால் என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் பஜ்ஜி அப்போது செரித்துவிட்டிருந்தது.

பெண் வீட்டுக்கும் பிடித்துவிட்டது. அடுத்து அவர்கள் மாப்பிள்ளை வீடு பார்க்க வர வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாக ஏற்பாடு. இஞ்சியாருக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறவர்களுக்குப் புதுப் பாகில் சர்பத், போகும்போது ஆளுக்கொரு பாட்டில் என்று முடிவு செய்துவிட்டார். அதற்குப் பாட்டில் வேண்டுமே? கைக்கு அடக்கமாக, மூடி இறுக்கமாக, கண்ணாடியில்.

அப்படிப்பட்ட பாட்டில் ஒரே வகைதான் ஊரில் தாராளமாகக் கிடைக்கிறது. தெருமுனைப் பழைய பேப்பர் கடையிலிருந்து ஒரு சாக்கு நிறைய குவார்ட்டர் பாட்டில் வந்து இறங்கியது.

"அண்ணே, இது வேணாம்ணே," என்றான் ஜமால்.

"ஏன்யா? வெந்நீர்ல போட்டு, சோடா உப்புல கழுவி, லேபிளச் சுரண்டியாச்சு. மூடிய பாரு, ஒரு சொட்டு கசியாது."

"பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?"

"சுத்தமா இருக்குன்னு நினைப்பாங்க."

வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டுப் பார்க்காதவர். அதனால்தான் அவருக்கு அந்தப் பாட்டிலைப் பார்த்தால் பாட்டில் மட்டும் தெரிந்தது. ஏற்கெனவே செய்து வைத்திருந்த பாகையெல்லாம் ஊற்றி, ஜன்னல் மேடையில் வரிசையாக அடுக்கினார். நாட்டுச் சர்க்கரைப் பாகு. பின்னால் வெயில். அந்த நிறத்தை நான் வர்ணிக்க வேண்டியதில்லை.

மத்தியானத்துக்கு மேல் வருவதாகச் சொன்னவர்கள், எமகண்டத்துக்கு முன்னால் வீட்டுக்குள் கால் வைத்துவிட வேண்டும் என்று காலையிலேயே வந்துவிட்டார்கள். ஜமால் டியூட்டி முடிந்து வந்து உள் அறையில் குப்புறப் படுத்திருந்தான். அக்கா அடுப்படியில் வடை தட்டிக்கொண்டிருந்தார். கூடத்துக் கட்டிலில், மெத்தைமேல், சாறு அப்போதுதான் அடங்கத் தொடங்கியிருந்தது.

படியில் காலடிச் சத்தம் கேட்டதும் இஞ்சியார் பாய்ந்து போனார். 'வாங்க வாங்க' என்று வாய் நிறையக் கூப்பிட வேண்டிய மனுஷர், உதட்டில் விரலை வைத்து 'உஷ்' என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு நுனிக்காலில் வரும்படி இன்னொரு கையால் ஜாடை காட்டினார்.

முதலில் பெண்ணின் அப்பா, ஒல்லியாக. பின்னால் பெரியப்பா, அவர் ஏறினால் படிக்கட்டே ஒரு முறை யோசிக்கும். அவருக்குப் பின்னால் பழப் பையோடு அத்தை. யாருக்கோ உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மூன்று பேரும் நுனிக்காலில் ஏறி, நுனிக்காலில் வந்து, பாயில் உட்கார்ந்தார்கள்.

அத்தை சுற்றிலும் பார்த்தார். உள் அறையில் குப்புறக் கிடந்த லுங்கி ஆசாமியைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பெரியப்பாவின் தொடையில் கிள்ளினார். பெரியப்பா ஜன்னலைப் பார்த்தார். பிறகு அப்பா பார்த்தார்.

தமிழ்நாட்டில் ரகசியக் குரலில் தொடங்கிய ஒரே கல்யாணச் சண்டை இதுவாகத்தான் இருக்கும்.

"என்ன தம்பி இதெல்லாம்?" என்றார் அப்பா, காற்றுக் குரலில்.

"இஞ்சிப்பாகுங்க," என்றார் இஞ்சியார், அதைவிட மெதுவாக.

"எங்களப் பாத்தா எப்படித் தெரியுது?"

"சத்தியமா இஞ்சிதாங்க. மோந்து பாருங்க."

"மோந்து என்ன, குடிச்சே பாக்குறேன்," என்று பெரியப்பா ஒரு பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, தண்ணீர் கலக்க வேண்டும் என்று நான் ஜாடை காட்டுவதற்குள் பாதிப் பாகை வாயில் கவிழ்த்துவிட்டார்.

முகம் சிவந்தது. கண் இரண்டும் வெளியே வந்தன. உடம்பு மொத்தமும் ஒரு தடவை அதிர்ந்தது. அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு ஏப்பம்! கீழ் வீட்டில் பால்காரரோடு பேசிக்கொண்டிருந்த அம்மா பேச்சை நிறுத்திவிட்டார். உள்ளே ஜமால் தூக்கிவாரிப் போட்டு எழுந்து, "பாத்திரம் கவுந்திருச்சா?" என்று திமுதிமுவென்று ஓடிவந்து கட்டிலில் இடித்து நின்றான்.

சாறு கலங்கிப் போனது. இஞ்சியார் 'ஐயோ' என்று கட்டிலைப் பார்த்துத்தான் ஓடினார். விருந்தாளிகளைப் பார்த்து அல்ல.

"பொண்ணு குடுக்க வந்தவன் இங்க உக்காந்திருக்கேன், ஆளு கிண்ணத்தப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு," என்றார் அப்பா, இப்போது முழுக் குரலில்.

"உள்ள இருக்கறது இஞ்சிதாம்ப்பா," என்று பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு சாட்சி சொன்னார்.

"இஞ்சியாவே இருக்கட்டும். பாட்டிலு காலியாவே முளைச்சுதா? உள்ள இருந்தது யாரு வயித்துக்குப் போச்சு? இத்தன பாட்டிலு!"

"தெருமுனைப் பழைய பேப்பர் கடைல வாங்குனதுங்க," என்றேன், அப்பா நம்புவதாக இல்லை. அக்கா வடைத் தட்டோடு வந்து நின்று, ஜன்னலைப் பார்த்து, தம்பியைப் பார்த்து, தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டார். அப்பா ஒரு பாட்டிலை எடுத்துப் பேப்பரில் சுற்றினார். "வீட்ல கேட்டா காட்டணும்ல?" போகும்போதும் பழக்கதோஷத்தில் மூன்று பேரும் நுனிக்காலில்தான் இறங்கினார்கள்.

அதற்குப் பிறகு இஞ்சியார் இஞ்சி வாங்கவில்லை. மெத்தையில் படுத்தார். எங்களுக்கு அதைப் பார்க்கவே சகிக்கவில்லை. எல்லாவற்றையும்விட மோசம், சத்தம் போட்டு நடக்க ஆரம்பித்தார். தொப் தொப்பென்று படி ஏறுவார், கதவைப் படீரென்று சாத்துவார். கீழ் வீட்டு அம்மா வந்து, "என்னப்பா, இஞ்சி தம்பி ஊருக்குப் போயிருக்கா? மேல யாரோ ரவுடிப் பய வந்திருக்கான் போலருக்கே?" என்றார். அந்த ரவுடி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

வயிற்று வலி என்று நான் பொய்கூடச் சொல்லிப் பார்த்தேன். "மருந்துக் கடைல மாத்திரை வாங்கிப் போட்டுக்க," என்றார்.

ஒரு சாயங்காலம் அவர் போன் அடித்தது. புது நம்பர். மெஷினுக்குப் பெல்ட் மாற்றிய கையெல்லாம் கிரீஸ், அதனால் ஸ்பீக்கரில் போட்டார்.

"நான் மலர்விழி பேசுறேங்க. சீர்காழி."

இஞ்சியார் எழுந்து நின்றுவிட்டார்.

"அப்பா ஒரு பாட்டில் கொண்டாந்தாங்க. அத ஜன்னல்ல வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கேன். அடியில ஒரு பொட்டு வண்டல் இல்லையே, எப்படிங்க? நான் எவ்ளோ பாத்துப் பாத்து இறுத்தாலும் கொஞ்சம் வந்துருதே?"

"தரையில வச்சா வரும்ங்க," என்றார் இஞ்சியார். "மெத்தை மேல வைக்கணும். வீட்ல யாரும் அதிர்ந்து நடக்கக் கூடாது. அரை நாளாச்சும் விடணும்."

"அன்னைக்கு எங்க வீட்டு ஆளுங்கள 'உஷ்'னீங்களாமே, அதுக்குத்தானா?"

"ஆமாங்க."

"மெத்தைல அது இருந்தா நீங்க எதுல படுப்பீங்க?"

"தரையிலதான்."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம். "சரி, அப்பாட்ட பேசுறேன்," என்று வைத்துவிட்டார். ஜமால் டியூட்டிக்குக் கிளம்பியவன், சட்டை பட்டனைப் போடாமலே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். இஞ்சியார் போய்க் கதவைச் சாத்தினார். சத்தமே வரவில்லை.

மலர்விழி அப்பாவிடம் சொன்னது பிற்பாடு அக்கா வழியாக எங்களுக்கு வந்தது. "குடிக்கிறவங்களுக்கு மூடியத் தொறக்கற வரைக்கும்கூட பொறுமை இருக்காதுப்பா. இவரு சாறு அடங்கணும்னு பாயில படுத்திருக்காரு. எனக்கு இவரு போதும்."

அப்பா லேசில் விடுகிற ஆள் இல்லை. யாருக்கும் சொல்லாமல் தஞ்சாவூர் வந்து, எங்கள் வீட்டுக்கு வராமல், நேராகப் பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கிறார். பாட்டில் விவகாரத்தை விசாரித்ததும் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டாராம். "அந்தாளா? ஊர்ல குடிச்சவன் போட்ட பாட்டிலெல்லாம் இங்க வருதுங்க. அதுல ஒவ்வொன்னா மோந்து பாத்துப் பொறுக்குனாரு. பாதில அந்த ஓரமா போயி வாந்தி எடுத்தாரு. மூஞ்சியக் கழுவிட்டு வந்து மறுபடியும் பொறுக்குனாருங்க!"

இதற்கு மேல் ஒரு அப்பாவுக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? தவிர, வீட்டில் பெரியப்பாவின் நச்சரிப்பு வேறு. "அந்தப் பாட்டில்ல மிச்சம் இருக்கா?" என்று தினமும் வந்து நிற்கிறாராம்.

சீர்காழியில் கல்யாணம். வாசலில் வருகிறவர்களுக்கெல்லாம் இஞ்சி சர்பத். அக்கா உத்தரவுப்படி எவர்சில்வர் டம்ளரில். தாம்பூலப் பையில் தேங்காயோடு ஒரு துண்டு மரப்பா. பெரியப்பா சர்பத் அண்டாவுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். தாலி கட்டுகிற நேரத்தில் கெட்டி மேளத்துக்கு மேல் கேட்ட ஒரு சத்தத்தை வீடியோவில் இப்போதும் கேட்கலாம்.

சீர்காழிப் பக்கமே மெஷின் வேலை கிடைத்து, இஞ்சியார் சாமான் எடுக்க வந்தார். மிக்ஸி, பாத்திரம், துணி எல்லாம் வேனில் ஏறியது. மெத்தையை மட்டும் விட்டுவிட்டார். "அங்க மலரு ரெண்டு தச்சு வச்சிருக்கு தம்பி. ஒன்னு சாறுக்கு, ஒன்னு எங்களுக்கு," என்றார். சொல்லிவிட்டு வெட்கப்பட்டார். எங்கள் இரண்டு பேரையும் கட்டிப் பிடித்துக்கொண்டார். "வெறும் வயித்துல டீ குடிக்காதீங்கடா," என்றார். அழுதார். நாங்களும் அழுதோம், அதில் என்ன இருக்கிறது.

வேன் திரும்பிப் போன பிறகு மாடி ஏறினோம். பாதிப் படியில்தான் கவனித்தேன், ஜமால் செருப்பைக் கையில் பிடித்திருந்தான். குனிந்து பார்த்தால் என் கையிலும் செருப்பு.

"டேய், இனிமே யாருக்குடா இப்படி நடக்கிறோம்?" என்றேன்.

"சும்மா ஏறு," என்றான். ரகசியக் குரலில்தான் சொன்னான்.

கூடத்தில் மெத்தை இருந்தது. நடுவில் பாத்திரம் இருந்து இருந்து வட்டமாக ஒரு பள்ளம். அதில் படுக்க எங்கள் இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை. அந்த வீட்டைக் காலி பண்ணுகிற வரைக்கும் நாங்கள் ஒருநாள்கூட அங்கே சத்தம் போட்டு நடக்கவும் இல்லை.